அடுப்படிக்குள் ஓர் இந்தியா

(‘நாட்டின் பண்பாட்டை நமக்கு உணர்த்துவது சுற்றுலாவா? தொண்டா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘தொண்டே!’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்தம்மா புதுசா என்ன சொல்லிடப் போறாங்க’ என்று ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! குக்கரை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அரங்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின சார் மார்தட்டிக்கிட்டுச் சொன்னார். ‘பன்னிரண்டே நாள்! காசி, கயா, அயோத்தி, ஹரித்துவார், டெல்லி, ஆக்ரா எல்லாம் பார்த்துட்டு வந்துட்டேன். இதுக்கு மேல பண்பாட்டை எப்படிம்மா பார்க்கிறது?’

சார், உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. அந்தப் பன்னிரண்டு நாளும் என்ன சாப்பிட்டீங்க? அவர் சொல்ல மாட்டார். நான் சொல்றேன். டூர்காரங்க நோட்டீசிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு: ‘நமது சமையல்காரர் உடன் வருவார்.’ காசியில இட்லி. கயாவுல வத்தக்குழம்பு. தாஜ்மகாலைப் பார்த்துட்டு வந்து தயிர் சாதம், மோர்மிளகாய்! (சிரிப்பு) பஸ்ஸுக்குள்ள நம்ம ஊர் சினிமாப் படம். பக்கத்து சீட்ல அடுத்த தெரு மாமா. ஐயா, நீங்க ஊரை விட்டுப் போகவே இல்லை. உங்க தெருவுக்கு நாலு சக்கரம் கட்டி வடக்கே உருட்டிக்கிட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து விட்டிருக்காங்க! (கைதட்டல்)

நான் கேலிக்காக மட்டும் சொல்லல. வயசானவங்க, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்க, அவங்களுக்கு அந்த ரசம் சாதம் வேணும். தாராளமா சாப்பிடட்டும். ஆனா திரும்பி வந்து, ‘வடநாட்டுப் பண்பாட்டை உணர்ந்தேன்’னு சொல்றதுதான் செரிக்கல.

எதிரணி அம்மா அமிர்தசரஸ் பொற்கோயிலை அழகா வர்ணிச்சாங்க. தங்கத் தகடு, தடாகத்துல அதோட நிழல், நாலு திசையிலும் நாலு வாசல். அத்தனையும் உண்மை. நானும் பார்த்தேன், வாயைப் பிளந்தேன். ஆனா எங்க அலுவலகத்துல வேலை பார்த்த ஒரு பஞ்சாபி அம்மா முன்னாலேயே என்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தாங்க: ‘கோயிலைப் பார்த்துட்டு வந்துடாதீங்க, அடுப்படிக்குப் போங்க.’

அங்கே ‘லங்கர்’ என்று ஒன்று நடக்கிறது. இலவசச் சாப்பாடு. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பந்திக்கு ஐந்நூறு பேர் வந்தாலே நமக்கு இடுப்பு ஒடியுது. ஐம்பதாயிரம்! அதுவும் தினமும்! எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டி போட வருபவர் முன்னால் இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். ஒரு கையை நீட்டினா, ‘ரெண்டு கையும்’னு சைகை காட்டுவாங்க. பிரசாதம் அது. மந்திரியா இருந்தாலும் ரெண்டு கையை ஏந்தித்தான் வாங்கணும்.

சாப்பிட்டோம். எழுந்து போயிருந்தா நானும் இப்போ எதிரணியில உட்கார்ந்திருப்பேன். (சிரிப்பு) நான் நேரா பூண்டு உரிக்கிற பெண்கள் நடுவுல போய் உட்கார்ந்துட்டேன். யாரும் ‘நீ யாரு, எந்த ஊரு, என்ன ஜாதி’ன்னு கேக்கல. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாங்க, ஒரு குவியலை என் பக்கம் தள்ளினாங்க. அவ்வளவுதான் வரவேற்பு! எனக்கு இந்தி வராது, அவங்களுக்குத் தமிழ் வராது. பக்கத்துல இருந்த பாட்டி கையால உயரத்தை அளந்து காட்டி, ‘பிள்ளைங்க எத்தனை?’ங்கிற மாதிரி கேட்டாங்க. நான் ஒரு விரலைக் காட்டினேன். உடனே அந்தம்மா முகத்துல ‘ஒண்ணே ஒண்ணுதானா!’ன்னு ஒரு கவலை வந்தது பாருங்க... அசல் எங்க பெரியம்மா முகம்! (கைதட்டல்)

அப்புறம் தட்டு கழுவுற இடம். எவர்சில்வர் தட்டுகள் கைக்குக் கை மாறி வந்துக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துல பக்கத்துல பேசறது காதுல விழாது. கார்ல வந்தவங்க யாரு, கால்நடையா வந்தவங்க யாருன்னு வேலையை வெச்சுச் சொல்ல முடியாது. வாசலில் செருப்பு வாங்கி வைக்கும் இடத்திலும் இதே கதைதான். வசதியான குடும்பத்து மனிதர்கள் அடுத்தவர் செருப்பைக் கையால் வாங்கித் துடைத்து வைக்கிறார்கள்.

இரண்டாம் குருவின் மனைவி மாதா கீவி அந்த நாளிலேயே லங்கரை நடத்திப் புகழ் பெற்றவர். அவர் பெயர் அவர்களுடைய புனித நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. சோறு போட்ட கைக்கு வேதத்துல இடம்! அக்பர் சக்கரவர்த்தி மூன்றாம் குருவைப் பார்க்க வந்தபோது, ‘முதலில் பந்தி, பிறகுதான் சந்திப்பு’ என்று சொல்லி அவரையும் தரையில் உட்கார வைத்ததாகச் சீக்கியர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதை வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கு. ஆனா ரெண்டு மணி நேரம் தட்டைக் கழுவி விரல் ஊறிப்போன பிறகு அதே கதையைக் கேட்டா, அது வேற கதையா இருக்கு. அதே வழக்கத்தை 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையும் பார்த்தது. ஜி.என். செட்டி ரோடு குருத்வாராவுல அண்டா அண்டாவா சமைச்சு மூழ்கின தெருக்களுக்கு அனுப்பினாங்க. ‘அவங்க யாரு, நமக்கு எதுக்கு’ன்னு அங்கே யாருக்கும் தோணல.

நடுவர் அவர்களே, எதிரணியில ஒருத்தர் நக்கலா கேட்டார்: ‘தொண்டு செஞ்சா எல்லாம் இனிப்பா இருக்குமாம்மா?’ இல்லை சார். கசப்பும் தெரியும். அதையும் சேர்த்துத்தான் நான் பண்பாடுன்னு சொல்றேன்.

காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் 37 பல்கலைக்கழகங்கள், நாற்பதாயிரம் மாணவர்கள். நம்ம எல்லாருக்கும் என்.எஸ்.எஸ்.னா சட்டுன்னு புரியும். அதுல நானும் ஒருத்தி. ஒரு கிராமத்துல ஏழு நாள் முகாம். ஊர்ப் பெயர் வேண்டாம். கருவேல முள் வெட்டுறது, மண் ரோட்டை நிரவுறது, இதான் வேலை.

மூணாவது நாள் ஊருக்கு வெளியே இருந்த காலனிப் பக்கம் வேலை. உச்சி வெயில். ஒரு வீட்டு வாசல்ல நின்னு, ‘பாட்டி, கொஞ்சம் தண்ணி குடுங்க’ன்னேன். அந்தம்மா உள்ளே போய் ஒரு சொம்பை ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவித் தண்ணி மொண்டுக்கிட்டு வந்தாங்க. நீட்டப் போன கை பாதியில நின்னுடுச்சு. ‘நீங்க குடிப்பீங்களாம்மா?’ன்னு கேட்டாங்க.

பன்னிரண்டாம் வகுப்புல ‘வேற்றுமையில் ஒற்றுமை’ன்னு ரெண்டு பக்கக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவ நான். அந்தக் கட்டுரையில இந்தக் கேள்வி இல்லையே, ஐயா! குடிச்சேன். எங்க குரூப்ல எட்டுப் பேரும் குடிச்சோம். அன்னைக்கு ராத்திரி, எங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டிருந்த வீட்டுல தட்டு உள்ளே கூடத்துல இல்ல, வெளித் திண்ணையில இருந்தது. யாரும் எதுவும் பேசல. திட்டவும் இல்ல. தட்டு மட்டும் இடம் மாறியிருந்தது. அந்த ஊருக்குக் கோபுரம் பார்க்கப் போயிருந்தா, தெப்பக்குளத்துல நின்னு போட்டோ எடுத்திருப்பேன். அந்த ஊரைப் பத்தி எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

இதையேதான் காந்தி 1915-ல் பார்த்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த ஜனவரியில் திரும்பியவரிடம் கோகலே, ‘ஒரு வருஷம் நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை அரசியல் பேசாதீர்கள்’ என்று வாக்கு வாங்கினார். ‘பார்த்தீங்களா, காந்தியே சுற்றுலாதான் போனார்’னு எதிரணியில குதிச்சாங்க. முழுசாப் படிங்க சார்! மூன்றாம் வகுப்பில் போனார். ஹரித்துவார் கும்பமேளாவுக்குப் போகும் வழியில், சஹாரன்பூர் பக்கம், கூரையில்லாத வண்டி, கொளுத்தும் வெயில். அந்தத் தாகத்திலும் வைதிக இந்துக்கள் ‘முஸ்லிம் தண்ணீர்’ என்றால் தொடாமல், ‘இந்துத் தண்ணீர்’ வரும்வரை நாக்கு வறளக் காத்திருந்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கும்பமேளாவில் அவரோடு வந்த ஃபீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை என்ன தெரியுமா? மலக்குழிகளை மண் போட்டு மூடுவது. லட்சக்கணக்கான பேர் புண்ணியம் தேடி வந்த இடத்துல, யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. அங்கே ஐந்து கால் பசு ஒன்றை நிறுத்திவைத்துக் காசு வசூல் செய்துகொண்டிருந்தார்கள். உயிருள்ள கன்றின் காலை வெட்டிப் பசுவின் தோளில் ஒட்டவைத்த கொடுமை அது என்று விவரம் தெரிந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள். சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் என்ன பண்ணுச்சு? கும்பிட்டுக் காசு போட்டுச்சு!

அதற்கு ஒரு மாதம் முன்னால் சாந்திநிகேதனில் இருந்தார். பாட்டும் ஓவியமுமாக இருந்த அந்த இடத்தில், ‘சமையலும் துப்புரவும் நீங்களே செய்யுங்களேன்’ என்று மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் சொன்னார். மார்ச் 10-ம் தேதி ஆரம்பித்தார்கள். தாகூரும் தடுக்கவில்லை. அந்தச் சோதனை அதிக நாள் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தத் தேதியை அங்கே மறக்கவில்லை. வேலையாட்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, மாணவர்களும் ஆசிரியர்களும் துடைப்பத்தை எடுக்கும் ‘காந்தி நாள்’ என்று அதற்குப் பெயர். சாந்திநிகேதனுக்கு டூர் போறவங்க தோல் பை வாங்கிட்டு வர்றாங்க. நல்ல பைதான், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. (சிரிப்பு)

எங்க அணியிலயும் ஓட்டை இருக்கு, நானே சொல்லிடறேன். ஒரு வாழைப்பழம், அதைப் பிடிச்சிருக்கிற எட்டுக் கை, நடுவுல சங்கடத்தோட சிரிக்கிற ஒரு நோயாளி, எதிர்ல ஒரு கேமரா. இதுக்குப் பேரு தொண்டு இல்ல. அப்புறம், வெளிநாட்டுல இருந்து பணம் கட்டி வந்து, ரெண்டு வாரம் அனாதைப் பிள்ளைகளைக் கொஞ்சிட்டு பிளேன் ஏறிடறாங்க. அந்தக் குழந்தை மறுநாள் வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்குமே, அதைப் பத்தி யாரு கவலைப்படறது? அதையும் நான் சுற்றுலாக் கணக்குலதான் எழுதுவேன்.

வெளிநாட்டுக்காரர் என்றால் பியர் செரசோல் மாதிரி வரவேண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர். முதல் உலகப் போரில் நொறுங்கிய ஒரு பிரெஞ்சு கிராமத்தைக் கட்ட, 1920-ல், ஜெர்மானியர்களையும் சேர்த்துக்கொண்டு மண்வெட்டி தூக்கியவர். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது கப்பல் ஏறி வந்தார். வடக்கு பீகாரில் கிராமத்து ஜனங்களோடு நின்று புதுக் குடியிருப்புகளைக் கட்டினார். அவர் தாஜ்மகாலுக்குப் போனாரா? போயிருக்கலாம். வீடு கட்டினதுக்காகத்தான் அவர் பேரை நான் இந்த மேடையில சொல்றேன்.

மணி அடிச்சிட்டீங்க. ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் கடைசியா ஒரு குண்டு போட்டார். ‘மேடையில தொண்டு தொண்டுன்னு பேசற இந்தம்மா, சொந்தப் பொண்ணை அனுப்புவாங்களா?’ நியாயமான கேள்வி. பெத்தவங்க வயித்துல புளியைக் கரைக்கிற கேள்வி. அவ கல்லூரியில இருந்து அனுமதிப் படிவத்தைக் கொண்டாந்தப்போ எங்க வீட்டுக்காரர் பேனாவைத் திறக்கவே நாலு நாள் ஆச்சு. பாஷை தெரியாது, ரயில்ல ரெண்டு ராத்திரி, குளிர் வேற. ஆசிரியைகள் யார் யார் போறாங்கன்னு நானே போய் விசாரிச்சேன். அப்புறம்தான் கையெழுத்து.

இப்போ அவ மத்தியப் பிரதேசத்துல ஒரு முகாம்ல இருக்கா. பல மாநிலப் பிள்ளைங்க சேர்ந்து ஒரு குளத்தைத் தூர் வாரிக்கிட்டிருக்காங்க. சமையல் முறை வெச்சு. நேத்து தமிழ்நாட்டு முறை. சாயங்காலம் போன் வந்தது. நான் என்ன, ‘அம்மா, உன்னைப் பார்க்கணும்’னு அழப் போறாளோன்னு பயந்துக்கிட்டு எடுத்தேன். ‘அம்மா, நூறு பேருக்கு ரசம் வைக்க எவ்வளவு புளிம்மா?’ன்னா!

எனக்கு நாலு பேர் கணக்குதான் தெரியும். போனை என் மாமியார்கிட்ட குடுத்துட்டேன். அவங்க புளிக்கே போகல. ‘ஏண்டி, அந்த ஊர்த் தக்காளி புளிக்குமா, இனிக்குமா? முதல்ல ஒண்ணைக் கடிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்’னாங்க.