காத்திருப்போரையும் நினைப்போம்
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2021ஆம் ஆண்டுத் தைப்பூசம் உங்கள் நினைவில் இருக்கும். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திற்குப் பாத ஊர்வலம் இல்லை, காவடியும் இல்லை. பால்குடத்தோடு மனத்தைத் தேற்றிக்கொண்டோம். 2023இல்தான் ஊர்வலம் திரும்பியது. அந்நாட்களில் நம் கண்ணில் படாமல் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது சிறுநீரகத்திற்கு, கல்லீரலுக்கு, இதயத்திற்கு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அக்காள் ஒன்றைத் தர முன்வந்தார். பரிசோதனைகள் முடிந்து நாளும் குறித்தாயிற்று. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது.

மருத்துவர்களைக் குறை கூற முடியாது. உறுப்பு பெற்றவரின் உடல் அதனை ஏற்றுக்கொள்வதற்காக, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தருகிறார்கள். கிருமி பரவும் காலத்தில் அவருக்கு ஆபத்து மிகுதி. நலமாயிருக்கும் அக்காளை மருத்துவமனைக்கு வரவழைப்பதும் ஆபத்தே. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறவும் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். அதே படுக்கைகளும் தாதியரும் கிருமித்தொற்று நோயாளிகளுக்கும் தேவை. 2003இல் சார்ஸ் வந்தபோது, தேக்காவிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் டான் டோக் செங் மருத்துவமனையே அந்நோய்க்கென ஒதுக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஊரே வீட்டுக்குள் அடங்கியிருந்தபோதும், அந்த மாணவர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வந்தார். அதை ஒத்திப்போட முடியாது அல்லவா?

"எப்படியப்பா இருக்கிறாய்?" என்று தொலைபேசியில் கேட்டேன். "எனக்காவது அக்கா இருக்கிறார், சார். அக்கா இல்லாதவர்கள் யாரை நம்புவது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. காரணத்தைச் சொல்கிறேன். நம் நாட்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. எதிர்ப்புத் தெரிவிக்காத குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இறந்தபின் உறுப்பு தரச் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவர். தொடக்கத்தில் விபத்தில் இறந்தோரின் சிறுநீரகம் மட்டுமே. 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியனவும் சேர்ந்தன. உடல் முழுமையாகத் தீயில் சேரவேண்டும் என்று எண்ணிய நான், அப்போது எதிர்ப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். இறைவனுக்குத் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் உருகி உருகிச் சொன்னவன், இறந்த பிறகும் கருவிழி தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்!

2020இல் அந்த எதிர்ப்பை மீட்டுக்கொண்டேன். 60 வயது என்ற உச்சவரம்பு 2009இலேயே நீக்கப்பட்டது. ஆகவே என்னைப் போன்ற முதியவர்களும் வயதைச் சாக்காகச் சொல்ல இயலாது.

மாணவருக்குப் பின்னர் அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அக்காளும் நலம். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. கொள்ளைநோய் வந்தால் காத்திருப்பு நீளும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. நோயற்ற நாளில் வரிசையைக் குறைக்க நம்மால் ஆகும்.

அன்பர்களே, ஆலயத்திற்கு அள்ளித் தருகிறீர்கள். உங்களிடம் இன்று நான் பணம் கேட்கவில்லை. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவையுங்கள். துயரம் சூழ்ந்த நேரத்தில் அவர்கள் தடுமாறாதிருக்க அந்த ஒரு வார்த்தை துணைநிற்கும். என்னைப் போல் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

காத்திருக்கும் அனைவருக்கும் அம்பாள் அருள் புரியட்டும்.