யார் வீட்டு அலமாரியில் யார் கடப்பிதழ்?

(மலேசியாவின் கமுந்திங்கில் பல சமயத்தார் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆள் கடத்தலைத் தடுப்பது போலீசின் வேலை, குடிநுழைவுத் துறையின் வேலை. நம்மால் ஆனது பிரார்த்தனை, ஒரு வாரம் அதைக் குறைவில்லாமல் செய்வோம் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மன்னிக்க வேண்டும். அந்தப் பேச்சை மறுப்பதற்காகத்தான் நான் இந்த மைக்குக்கு முன்னால் வந்து நிற்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாமுக்கு இங்கிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரம். ஒவ்வொரு ஜூலை மாதமும் அங்கே புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்! கிறிஸ்தவர்கள் மட்டுமா? நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். லட்சக்கணக்கில் கூடிக் கும்பிடுகிற அந்த ஊரில்தான், 2018 பிப்ரவரியில், இந்தோனேசியாவின் நூசா தெங்காரா தீமோரிலிருந்து வந்த ஒரு வீட்டுப் பணிப்பெண் உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தார். வீட்டுத் தாழ்வாரத்தில் நாயோடு படுக்க வைக்கப்பட்டிருந்தார் என்று செய்தி வந்தது. அக்கம்பக்கத்தார் தகவல் சொல்லி மீட்டார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வீட்டுக்காரப் பெண்மணியை 2019இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. தீர்ப்பைப் பற்றி வழக்கறிஞர்கள் பேசட்டும். நான் கேட்பது வேறு. அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் சாமி படம் மாட்டியிருந்தது? எத்தனை வீட்டில் ஊதுபத்தி ஏற்றினார்கள்? அந்தப் பெண் ஒரே நாளிலா அந்த நிலைக்கு வந்தார்?

அந்தப் பெண்ணின் மாநிலத்துத் தலைநகர் கூப்பாங். அங்கே விமான நிலையத்தின் சரக்கு முனையத்துக்கு ஒரு கன்னிகாஸ்திரி போய் நிற்பார். சகோதரி லௌரென்தினா என்று பெயர். வெளிநாட்டில் இறந்துபோன தொழிலாளர்களின் சவப்பெட்டி, மற்றச் சரக்கோடு சரக்காக வந்து இறங்கும். பெட்டி வந்தால் அவரும் சபைப் போதகர்களும் போய், பக்கத்தில் நின்று ஜெபம் செய்து, குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள். இதையே பல ஆண்டுகளாகச் செய்வதால் ஊர் மக்கள் அவரைச் 'சரக்குச் சகோதரி' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை எந்த நாட்டிலிருந்து போகின்றன தெரியுமா? இந்த நாட்டிலிருந்து. நம் வீடுகளிலிருந்து, நம் தோட்டங்களிலிருந்து. அவர்கள் அங்கே பெட்டியை வாங்கி ஜெபம் செய்கிறார்கள். இங்கே, ஆள் உயிரோடு இருக்கும்போது, நாம் என்ன செய்தோம்?

'கடத்தல்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாக் காட்சி. வாயைப் பொத்தி, வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது. அதுவும் நடக்கிறது. ஆனால் 2007ஆம் ஆண்டு நம் நாடு இயற்றிய ஆள் கடத்தல் தடுப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஏமாற்றிக் கூட்டி வந்து, மிரட்டி, கட்டாயப்படுத்தி உழைப்பைப் பிடுங்குவதும் கடத்தல்தான். 'அவனே சம்மதித்துத்தானே வந்தான்' என்று சொல்லித் தப்ப முடியாது. சம்மதம் இருந்ததா இல்லையா என்பது அந்தக் குற்றத்துக்குப் பொருட்டே இல்லை என்று சட்டமே சொல்கிறது. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி இன்னொருவர் கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதே குற்றம். 'பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன்' என்கிறார்கள் அல்லவா? எதற்கு இந்தப் பத்திரம்? ஆள் ஓடிவிடாமல் இருக்கத்தானே!

நம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார். இந்த நாட்டில் செய்த கையுறையை 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியபோதுதான், வேலை கிடைக்க ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக அவர்கள் வாங்கிய கடனைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. வெள்ளைக்காரன் சரக்கை வாங்க மறுத்த பிறகுதான் நமக்குக் கண் திறக்க வேண்டுமா? 2023 ஜனவரியிலிருந்து கட்டாய உழைப்பு என்பது தொழிலாளர் சட்டத்திலேயே தனிக் குற்றம். சட்டம் இருக்கிறது, ஐயா. புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை? அந்தப் பிள்ளை போலீஸ் நிலையத்துக்குப் போக மாட்டான். பெர்மிட் முடிந்திருக்கும், புதுப்பிக்க வேண்டிய முதலாளி புதுப்பித்திருக்க மாட்டார், பழி மட்டும் இவன் தலையில் விழும். பத்திரம் இல்லாமல் பிடிபட்டால் சிறை. 2002இலிருந்து ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. அப்படிப்பட்டவன் எந்த வாசலை மிதிப்பான்? ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவில் கோயிலுக்கு வருவான். பூசைக்கு வருவான், தொழுகைக்கு வருவான். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் மிதிக்கிற ஒரே வாசல் நம் வாசல். அதனால்தான் சொல்கிறேன், இது போலீஸ் வேலை என்று கையைக் கழுவ நமக்கு மட்டும் உரிமை கிடையாது.

ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை இங்கே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார். விசுவாசம் அவரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை, தெருவுக்கு அனுப்பியது. 1995இல் தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர் படும் பாட்டை அறிக்கையாக வெளியிட்டார். மறு ஆண்டு கைது. 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. 2008இல்தான் விடுதலைத் தீர்ப்பு. பன்னிரண்டு ஆண்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கினார், சொன்ன ஒரு வரியைத் திரும்பப் பெறவில்லை. 2014இல் கண்ணை மூடினார். தடுப்பு முகாம் என்றால் என்னவென்று கமுந்திங்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விசாரணை இல்லாமல் அடைத்து வைப்பதற்கு நாடு முழுக்க நம் ஊர்ப் பெயரைத்தான் சொன்னார்கள். அந்த வேலிக்கு வெளியே எல்லாச் சமயத்தாரும் ஒன்றாக நின்று பிரார்த்தனை செய்ததைப் பார்த்தவர்கள் நாம். அப்போது மட்டும் அது சாமி காரியமாக இருந்தது, இப்போது அரசியலாகிவிட்டதா?

நமக்கு இது புதுக் கதையும் இல்லை. நம் பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? ஒப்பந்தக் கூலியாக வந்தார்கள். அந்த முறை 1910இல் மலாயாவில் முடிந்த பிறகும் கங்காணி ஊருக்குப் போய், முன்பணம் கொடுத்து, தேனும் பாலும் ஓடுகிற நாடு என்று சொல்லிக் கூட்டி வந்தான். கப்பலேறும் முன்பே கடன். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்றான். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லோரியில் ஏற்றியதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சயாம் மரண ரயில் பாதையில் போய்ச் செத்த தமிழர்கள் ஆயிரம் ஆயிரம். லயத்தில் கணவனைக் காணாமல் காத்திருந்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த வயிற்றில் பிறந்த நாம், இன்று இன்னொருவன் கடப்பிதழை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம் என்றால், நமக்குச் சரித்திரம் எதற்கு?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து ஆலய வேலைக்கு ஆட்களை அழைத்து வருகிறோம். குருக்கள், மேளக்காரர், சிற்பி, மடைப்பள்ளிச் சமையல்காரர். கௌரவமாக வைத்திருக்கிற ஆலயங்கள் நிறைய உண்டு, அவர்களைக் கும்பிடுகிறேன். எல்லாரும் அப்படியா? எந்த ஆலயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மடைப்பள்ளியில் விடியற்காலை நாலு மணிக்குப் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஊர் எது என்று கேட்டேன். சொன்னார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. கரண்டியைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். பிறகு மெதுவாக, "அப்பா காரியத்துக்கே போக முடியலீங்க. புக்கு ஆபீஸ்ல இருக்கு" என்றார். புக்கு என்றால் கடப்பிதழ். ஆபீஸ் என்றால் ஆலய அலுவலகம்! அவர் கையால் சமைத்த பிரசாதத்தைத்தான் அன்று நானும் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டேன். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதைச் சாமி ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

வெளிநாட்டுக்குப் போய் இப்படிச் சிக்குகிறவர்கள் நம் பிள்ளைகளாகவும் இருக்கிறார்கள். கம்போடியாவில் வேலை, தாய்லாந்தில் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், மாதம் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் என்று போனில் வலை வீசுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் மியன்மார் எல்லையில் முள்வேலிக்குள் மோசடி வேலை. செய்ய மறுத்தால் அடி. 2022இல் ஈப்போவைச் சேர்ந்த ஒரு வாலிபர் அப்படிப் போய் உயிரோடு திரும்பவே இல்லை. இங்கிருந்து வடக்கே போகிற ரயில் பாதையில் நம் நாட்டின் கடைசி ஸ்டேசன் பாடாங் பெசார், எல்லை. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் வாங் கெலியான் மலை. 2015இல் ஆள் கடத்தல்காரர்களின் முகாம்களில் 139 புதைகுழிகளைக் கண்டதாகப் போலீஸ் அறிவித்த இடம். அத்தனை பக்கத்தில் இருக்கிறது இந்தக் கடத்தல்.

வெளிநாடு போகிற பிள்ளையை அம்மா எங்கே கூட்டிக்கொண்டு வருகிறாள்? கோயிலுக்கு. தேங்காய், வெற்றிலை, பழத்தோடு அர்ச்சனைத் தட்டில் கடப்பிதழையும் டிக்கெட்டையும் வைத்து நீட்டுகிறாள். போலீசுக்குத் தெரியும் முன்பு, தூதரகத்துக்குத் தெரியும் முன்பு, குருக்களுக்குத் தெரிகிறது! பெயர், நட்சத்திரம் கேட்கிற அதே வாயால் இன்னும் நாலு கேள்வி கேட்டால் என்ன? எந்தக் கம்பெனி, டிக்கெட்டுக்குக் காசு கட்டியது யார், ஒப்பந்தம் கையில் இருக்கிறதா, அங்கே போய் இறங்கினால் கூப்பிட யார் நம்பர் இருக்கிறது? பதில் தடுமாறினால் அர்ச்சனையை முடித்துவிட்டு ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசுங்கள். சபையில் போதகர் பயண ஜெபம் செய்யும்போதும், பள்ளிவாசலில் துஆ கேட்கும்போதும் இதே கேள்விதான். பைசா செலவில்லை.

ஆள் கடத்தலைத் தடுக்கும் வேலையைக் கத்தோலிக்கச் சகோதரிகள் உலகம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2009இல் தொடங்கிய தலித்தா கூம் என்ற வலையமைப்பு அவர்களுடையது. சூடானில் சிறு பிள்ளையாகக் கடத்தி விற்கப்பட்ட பக்கித்தா, பிற்பாடு புனிதையானார். அவர் திருநாளான பிப்ரவரி 8ஐ 2015இலிருந்து இதற்கான பிரார்த்தனை நாளாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் பிரார்த்தனை, மற்ற நாளெல்லாம் வேலை. நமக்கும் அந்தக் கணக்கு சரியாக வரும்.

நன்கொடையைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர் என்று பொன்னாடை போர்த்துகிறோம், முதல் மரியாதை கொடுக்கிறோம். அவர் கடையில் வேலை செய்கிற பையனுக்கு ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை என்று ஊருக்கே தெரியும். நமக்கும் தெரியும். அந்தக் காசில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம். "அவரைப் பகைத்துக்கொண்டால் திருவிழா எப்படி நடக்கும்?" என்று கேட்கிறார்கள். தோட்டத்தில் நம் ஆத்தாவும் அப்பாவும் மரம் சீவின கூலியில் காசு காசாகச் சேர்த்து மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்களே, எந்த முதலாளியை நம்பிக் கட்டினார்கள்? சின்னத் திருவிழாவாக நடக்கட்டும்.

ஆகவே, நண்பர் முன்மொழிந்த பிரார்த்தனை வாரத்தை நான் எதிர்க்கவில்லை. அதோடு மூன்று வரி சேர்க்கச் சொல்கிறேன். ஆலயமோ சபையோ பள்ளிவாசலோ, தன்னிடம் வேலை செய்கிறவர் கடப்பிதழை இந்த மாதக் கடைசிக்குள் அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சம்பளப் பாக்கி உள்ளவரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசலில் ஒருவர் உட்கார வேண்டும். மலாய் தெரிந்தவர், முடிந்தால் வங்காளமோ இந்தோனேசிய மொழியோ தெரிந்தவர், கேட்டதைக் குடிநுழைவுத் துறையிடம் போட்டுக் கொடுக்காதவர், வழக்கறிஞர் ஒருவரின் நம்பரைக் கையில் வைத்திருப்பவர்.

தலைவர் அவர்களே, திருத்தத்தை வாக்குக்கு விடுங்கள். இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்தினர் முதலில் கை தூக்கட்டும்; கீழே இருக்கிறவர்கள் அதைப் பார்த்த பிறகு தூக்கினால் போதும்.