பழைய கணிப்பொறி: கழிவா, கொடையா?

அரசு அலுவலகத்தில் ஒரு கணிப்பொறியின் வாழ்நாள் எவ்வாறு முடிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். புதியது வந்ததும் பழையது பதிவறையின் மூலைக்குச் செல்கிறது. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் ஏறத்தாழ 40 பொறிகள் 4 ஆண்டுகள் அவ்வாறு கிடந்தன. ஒதுக்கப்பட்ட நாளில் பெரும்பாலானவை இயங்கிக் கொண்டிருந்தன. ஏலத்திற்கு வந்த நாளில் எடைக்கு விற்கும் பொருளாகிவிட்டன. அந்தக் கோப்பில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

இந்த இழப்பு கணக்கேடுகளில் தோன்றுவதில்லை. ஏலத்தில் அரசுக்குக் கிடைப்பது சொற்பத் தொகை. அதே பொறியைப் பள்ளியொன்று புதிதாக வாங்க நேர்ந்தால் ஆகும் செலவு பன்மடங்கு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே சமுதாயம் இழப்பது. திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணிப்பொறியை உருவாக்க 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ வேதிப் பொருள்களும் 1,500 கிலோ நீரும் தேவைப்பட்டன என ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004 இல் கணித்தது. இத்தனையையும் விழுங்கிப் பிறந்த பொருளை அதன் பயன் தீருமுன் உடைப்பது சிக்கனம் ஆகாது.

உடைக்கும் முறையும் கவலைக்குரியது. உலகில் 2022 இல் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. தில்லி சீலம்பூர், முராதாபாத் முதலிய இடங்களின் சிறு பட்டறைகளில், எரித்தும் அமிலத்தில் தோய்த்தும் உலோகம் பிரித்த ஏழைத் தொழிலாளர்கள் தங்கள் உடல்நலத்தையே விலையாகக் கொடுத்துள்ளனர்.

விதிகள் இடம் தருமா என்று கேட்கலாம். 2017 இல் வெளியான பொது நிதி விதிகள், எஞ்சிய மதிப்பு 2 இலட்சம் ரூபாய்க்குக் குறைவான பொருள்களைக் கழிக்கும் வழியை உரிய அதிகாரியின் முடிவிற்கு விட்டன. தேக்கத்தையும் மதிப்புச் சரிவையும் தவிர்க்குமாறும் கூறின. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழுது நீக்கிப் புதுப்பிப்போரையும் பதிவு முறைக்குள் ஏற்றுள்ளன. ஆகவே தடை விதிகளில் இருப்பதைவிட நமது தயக்கத்திலேயே மிகுதி.

ஆயினும் கொடை என்னும் பெயரால் குப்பையை இடம் மாற்றிவிடக் கூடாது. இதற்கு நான்கு நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, வட்டுகளிலுள்ள தகவல்களை முற்றாக அழித்தல். கோப்புகளை நீக்குவது மட்டும் போதாது. இரண்டாவது, சோதித்துப் பழுது நீக்கி, பாதுகாப்பு ஆதரவு தொடரும் இயங்குதளத்தை நிறுவுதல். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால் ஒதுக்கப்படும் நல்ல பொறிகளுக்கு லினக்ஸ் வகைத் தளங்கள் உதவும். மூன்றாவது, பெறும் பள்ளியில் மின்வசதியும் கற்பிக்க ஆளும் உண்டா என முன்னரே அறிதல். நான்காவது, இறுதியில் அப்பொறி காயலான் கடைக்குச் செல்லாமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தை அடைய ஏற்பாடு செய்தல்.

இவற்றிற்கெல்லாம் செலவு உண்டு. அச்செலவையும் கொடுப்பவரே ஏற்பதுதான் முறை. கொடையின் மதிப்பு கொடுக்கப்படும் நாளைப் பொறுத்தது. ஓராண்டு முன்னதாகக் கொடுத்தால் அது கல்விக் கருவி. தாமதித்தால் வெறும் இரும்பு. முடிவு நம் மேசைமீதுள்ள கோப்பில் இருக்கிறது.