இமைக்கும் துடைப்பான்

தூறலில் செல்லும் காரின் துடைப்பான் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துச் சற்றே ஓய்கிறது, மீண்டும் துடைக்கிறது. அந்த ஓய்வை அளந்து தருவது எது? இன்று பெரும்பாலும் கணிப்பொறிச் சில்லு. முன்னாளில் மின்தேக்கி என்னும் சிறு கலம். மின்தடையின் வழியே அதில் மின்னூட்டம் சிறுகச் சிறுகச் சேரும். குறித்த அளவை எட்டியதும் டிரான்சிஸ்டர் மோட்டாரை இயக்கும். துடைப்பு முடிவதற்குள் கலம் வெறுமையாகி மீண்டும் நிரம்பத் தொடங்கும். தடையைக் கூட்டினால் ஓய்வும் நீளும்.

கண் இமைப்பதை எண்ணி இவ்வாறு அமைத்த அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ், 1964-இல் காப்புரிமை கோரினார். உறுப்புகள் யாவும் பழையனவே என வாதிட்டது போர்டு நிறுவனம். அந்நிறுவனம் அவருடைய உரிமையை மீறியதென 1990-இல் ஜூரர்கள் முடிவு கூறினர். பழைய உறுப்புகளைப் புதுமுறையில் இணைப்பதும் கண்டுபிடிப்பே அன்றோ?