பல்லக்குத் தூக்கியின் மகன்



முகலாய அரண்மனை ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? சிம்மாசனத்தில் பேரரசர், கைகட்டி நிற்கும் அமீர்கள், யானைப் போர், வேட்டை, அந்தப்புரம். சில ஓவியங்களில் பல்லக்கும் இருக்கும். உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லும் வரலாறு, தோள் கொடுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை.

அப்படித் தோள் கொடுத்த ஒருவரின் மகனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் தஸ்வந்த். பல்லக்குச் சுமப்பதும் தண்ணீர் சுமப்பதும் சாதித் தொழிலாக விதிக்கப்பட்ட கஹார் குடும்பத்தில் பிறந்தவர். சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்தவர் அக்பரின் கண்ணில் பட்டார், குவாஜா அப்துஸ் சமதிடம் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார் என்று அபுல் ஃபசல் தமது அயினி அக்பரியில் எழுதுகிறார். அக்பரின் ஓவியர்களில் முதன்மையான நால்வருள் ஒருவராக அவரைச் சொல்கிறார்.

1582இல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்க அக்பர் உத்தரவிட்டார். அந்த நூல்தான் ரஸ்ம்நாமா. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய அதே காவியம். அதன் ஓவியங்கள் பலவற்றுக்குக் கோட்டுருவம் வரைந்தவர் தஸ்வந்த். ஒருவர் கோடு வரைவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். எழுத்தர்கள் இருவர் பெயரையும் படத்தின் அடியில் குறித்துவைப்பார்கள். அதே பட்டறையில் இன்னொரு ஓவியரின் பெயர் 'கேசு கஹார்' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. பல்லக்கை விட்டுத் தூரிகையைப் பிடித்த பிறகும், பெயரை விட்டுச் சாதி போகவில்லை.

ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றி நான் பேசி முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "பார்த்தீர்களா தம்பி, திறமை இருந்தால் சாதி தடையில்லை. தஸ்வந்தே சாட்சி" என்றார். அரங்கில் கைதட்டல். முதல் தலைமுறைப் பட்டதாரியான நான் அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இன்று சொல்கிறேன். தஸ்வந்த் சாட்சிதான், ஆனால் எதற்கு? ஒரு கஹார் வீட்டுப் பிள்ளை ஓவியப் பட்டறைக்குள் நுழைய, ஒரு பேரரசரின் பார்வையே அவர்மீது விழவேண்டியிருந்தது என்பதற்கு. அந்தப் பார்வை விழாத சுவர்கள் எத்தனை? அவற்றில் வரைந்த கைகள் மறுநாள் காலையில் பல்லக்கைத்தானே பிடித்திருக்கும்? தப்பி வந்த ஒருவரைக் காட்டி, கதவு திறந்தே இருந்தது என்று சொல்வது என்ன நியாயம்?

1584இல் தஸ்வந்த் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறார் அபுல் ஃபசல். தஸ்வந்த் தம் வாயால் சொன்ன வார்த்தை எதுவும் நம் கையில் இல்லை. எனவே அந்த மரணத்துக்கு நானாக ஒரு காரணம் கற்பிக்கமாட்டேன்.

இடஒதுக்கீட்டையும் கல்வி உதவித்தொகையையும் சலுகை என்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அரசரின் கண்ணில் படுவதுதான் சலுகை. யார் கண்ணிலும் படக் காத்திராமல் வகுப்பறைக்குள் நுழைவது உரிமை.

அடுத்தமுறை அருங்காட்சியகத்துக்குப் போனால் சிம்மாசனத்தைப் பார்த்த பிறகு, பல்லக்குக் கொம்பின் கீழே இருக்கும் முகங்களையும் பாருங்கள்.