கணக்கைக் கணினி போடும், சரிபார்ப்பது யார்?

(தொழில்நுட்பக் கல்வி குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்பவர்களுக்குத் தெலுக் பங்லிமா காராங் இரண்டு முகம் காட்டும். ஒரு பக்கம் தொழிற்சாலைகளும் தடையற்ற தொழில் வட்டாரமும். ஆற்றைக் கடந்தால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தில் குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலை வாசலில் நிற்கிறார்கள். உள்ளே நுழைவது இப்போது பெரிய காரியமில்லை. எந்த வேலைக்கு நுழைகிறார்கள் என்பதுதான் கேள்வி. இயந்திரத்தின் பொத்தானை அழுத்துபவராகவா? அல்லது அந்த இயந்திரம் ஏன் அப்படி இயங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்பவராகவா?

இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் ஒரு முக்கியமான படிதான் கணித மென்பொருள்.

ஐந்தாம் படிவத்தில் தொடங்கும் கதை

இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவக் கணிதத்தில் 'மேட்ரிக்ஸ்' என்றொரு பாடம் வருகிறது. எண்களைக் கட்டம் கட்டி அடுக்கி, இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கும் முறை அது. மாணவர்கள் சூத்திரத்தை மனனம் செய்து, தேர்வில் மதிப்பெண் வாங்கி, அத்துடன் மறந்துவிடுகிறார்கள். இது எதற்குப் பயன்படும் என்று எவரும் சொல்வதில்லை.

ஒரு தொழிற்சாலைக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு விசை விழுகிறது என்று அறிய வேண்டும். அங்கே தெரியாத எண்கள் இரண்டல்ல. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் இருக்கும். கையால் போட்டால் மாதக்கணக்காகும். கணினி நொடியில் முடிக்கிறது. முறை மட்டும் ஐந்தாம் படிவத்தில் படித்த அதே மேட்ரிக்ஸ்தான். இப்படி ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அதன் நடத்தையைக் கணக்கால் கணினியில் ஓட்டிப் பார்ப்பதைப் பாவனைச் சோதனை எனலாம். பாலமோ, கொதிகலனோ, குளிர்சாதனப் பெட்டியோ, இன்று எதுவானாலும் முதலில் கணினிக்குள் ஓடிய பிறகே பட்டறைக்கு வருகிறது.

மாணவர்களுக்காகப் பிறந்த கருவி

இத்துறையில் மிகவும் பெயர் பெற்ற மென்பொருள் மேட்லேப். பெயரே 'மேட்ரிக்ஸ் லேபரட்டரி' என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த கிளீவ் மோலர் 1970களின் இறுதியில் இதை எழுதினார். ஃபோர்ட்ரான் மொழியில் நீண்ட நிரல் எழுதத் தெரியாத மாணவரும் மேட்ரிக்ஸ் கணக்குகளைச் செய்து பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1984-இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தோன்றியது. மேட்லேப் விற்பனைப் பொருளானது. இன்று உலகெங்கும் பொறியியல் கூடங்களில் அது நிற்கிறது.

ஆனால், விலை? மாணவர் பதிப்பு மலிவுதான். ஆனால் அதை வைத்து நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது. முழு உரிமத்தின் விலை சிறு பட்டறைக்காரரை மலைக்க வைக்கும். 2000ஆம் ஆண்டுகளில் இதற்கு நம் ஊரில் எளிய வழி ஒன்று இருந்தது. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குத் திருட்டு வட்டு. பல மாணவர்கள் அப்படித்தான் படித்தார்கள். சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது இன்னொரு கெடுதலையும் செய்தது. திருட்டு வட்டில் பழகிய பையன் வேலைக்குப் போனதும் கையிழந்து நின்றான். முறையான நிறுவனம் எதுவும் அந்த வட்டை உள்ளே விடாது.

நேர்மையான வழி அப்போதே திறந்திருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின், டெக்சஸ் பல்கலைக்கழகங்களில் வேதிப் பொறியியல் பேராசிரியர்கள் இருவர் ஒரு குறையைக் கண்டார்கள். மாணவர்கள் ஃபோர்ட்ரான் நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலேயே நேரத்தைத் தொலைத்தார்கள். வேதிப் பொறியியல் படிக்க நேரமில்லை. அதற்கு மருந்தாக ஜான் ஈட்டன் 1992-இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கியதுதான் ஆக்டேவ். இது இலவசம். மேட்லேபில் எழுதிய நிரல்களில் பெரும்பகுதி இதிலும் ஓடும். பெயருக்குக் காரணமான ஆக்டேவ் லெவன்ஸ்பீல் ஈட்டனின் ஆசிரியர். கையில் கிடைத்த தாளில் மனக்கணக்காக விடையை மதிப்பிடுவதில் வல்லவர். கணினிக் கருவி ஒன்றுக்கு மனக்கணக்கில் வல்லவரின் பெயர்! இந்தப் பொருத்தத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சு நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான இன்ரியாவிலிருந்து வந்தது சைலேப். 1994-இல் இணையம் வழி இலவசமாக வெளியிடப்பட்டது. மலேசிய அரசே 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆகவே, 'இலவசம் என்றால் தரமில்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை.

தமிழில் ஒலிக்கும் பாடம்

அடுத்த தடை மொழி. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம், இடைநிலைப்பள்ளியில் மலாய், வேலையிடத்தில் ஆங்கிலம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அதைக் கைவிடுவதாக 2009-இல் அறிவிப்பு வந்தது. இந்த இழுபறியில் பிள்ளைகள் மூன்று மொழியிலும் அரைகுறையாக நின்றதைப் பெற்றோர் அறிவர்.

இதற்கு மும்பையில் ஒரு விடை கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா, மும்பை ஐ.ஐ.டி.யில் இந்திய அரசின் உதவியுடன் இரண்டு பணிகளை முன்னெடுத்தார். ஒன்று, ஃபோசி என்னும் திட்டம். பொறியியல் பாடநூலில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளை மாணவர்களே சைலேப் நிரலாக எழுதித் தருவார்கள். சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. இப்படி நூற்றுக்கணக்கான பாடநூல்களுக்கு நிரல்கள் உருவாகி, எவரும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் கிடக்கின்றன.

இரண்டாவது, 'ஸ்போக்கன் டுட்டோரியல்' என்னும் பேச்சுப் பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். ஆசிரியரில்லாமல் தானே கற்கும்படி அமைந்தவை. பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் தானும் செய்து பார்க்க வேண்டும். இவற்றை இந்திய மொழிகளில் குரல்மாற்றம் செய்தார்கள். தமிழும் அதில் உண்டு. குரல் மட்டும் தமிழ். திரையில் தெரிவது ஆங்கிலமே. இது குறையல்ல, திட்டமிட்டுச் செய்தது. விளங்கிக்கொள்வது தாய்மொழியில்; கைபழகுவது வேலையிடத்தில் இருக்கும் அதே திரையில். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமையுமா?

கடலில் மூழ்கிய கணக்கு

கருவி கையில் வந்துவிட்டது, மொழியும் வந்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று எண்ணினால், நார்வே நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

1991 ஆகஸ்டு 23. ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடைக்கான மாபெரும் கான்கிரீட் அடித்தளத்தைக் கடற்கழியில் மெல்லத் தாழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் ஒன்று பிளந்தது. நீர் புகுந்தது. சிறிது நேரத்தில் முழு அடித்தளமும் கடலின் அடியில் நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பொருளிழப்பு சுமார் 70 கோடி அமெரிக்க டாலர். வடிவமைப்புக்குப் பயன்பட்ட மென்பொருள் உலகமே நம்பிய ஒன்று. அது பழுதாகவில்லை. கணக்குக்காகச் சுவரைச் சிறு கட்டங்களாகப் பிரித்தவர்கள், முக்கியமான மூலையில் கட்டங்களைப் போதிய அளவு நுணுக்கமாகப் பிரிக்கவில்லை. விளைவாக அங்கு விழும் வெட்டு விசை 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கை நம்பிச் சுவரைப் போதிய பலமில்லாமல் கட்டினார்கள். பிறகு கையால் சரிபார்த்தபோதும், நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோதும் பலவீனம் பளிச்சென்று தெரிந்தது. முன்பே யாராவது பென்சிலை எடுத்திருக்கலாம்.

ஆகவே மென்பொருளைப் பழகும் பிள்ளை இன்னொன்றையும் பழக வேண்டும். விடை வந்தவுடன், 'இது நடக்கக்கூடியதா?' என்று கேட்பது. ஓர் எளிய எடுத்துக்காட்டு. இரு முனையிலும் தாங்கப்பட்ட இரும்பு உத்திரம். நடுவில் ஒரு சுமை. உத்திரம் 2 மீட்டர் நீளம். அதே உத்திரத்தை 4 மீட்டராக நீட்டினால் எவ்வளவு கூடுதலாகத் தொய்யும்? இரண்டு மடங்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் எட்டு மடங்கு. தொய்வு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. இதைத் தெரிந்த பையன், திரையில் இரண்டு மடங்கு என்று வந்தால் உடனே எங்கோ எண்ணைத் தவறாக இட்டதைக் கண்டுபிடிப்பான். தெரியாதவன் அச்சடித்து முதலாளியிடம் கொடுப்பான். பொத்தான் அழுத்துபவருக்கும் பொறியாளருக்கும் உள்ள வேறுபாடு இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஆலய மண்டபத்திலோ டியூஷன் நிலையத்திலோ பழைய கணினிகள் நான்கு போதும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம். ஆக்டேவோ சைலேப்போ ஏற்றி, தமிழ்ப் பாடத்தை ஓடவிட்டு, ஐந்தாம் படிவப் பிள்ளையை உட்கார வையுங்கள். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் தாளில் ஒரு மதிப்பீடு, பிறகு கணினியில் விடை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது.

தோட்டத்தில் தராசு முள்ளைப் பார்த்துக் குலையின் எடையைச் சரிபார்த்த தலைமுறைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. கங்காணி சொன்ன எண்ணை அப்படியே நம்பிவிடாதவர்களின் பேரப்பிள்ளைகள், கணினி சொல்லும் எண்ணையும் ஒருமுறை கேள்வி கேட்கட்டும்.