நீரோவும் வரலாற்றாசிரியரின் வினைச்சொல்லும்



ரோமாபுரி பற்றியெரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்னும் தொடரை நாம் அனைவரும் அறிவோம். மேடையில் அதனை எடுத்தாளாதார் அரியர். ஆயின் பிடில் என்னும் இசைக்கருவி நீரோவுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே தோன்றியது. எனில், அவன் பாடினான் என்பதேனும் உண்மையா? இவ்வினாவை வரலாற்றாசிரியர் மூவரின் மொழிநடை கொண்டு ஆராய்வோம்.

தீ மூண்டது கி.பி. 64, சூலைத் திங்களில். நகரின் 14 வட்டாரங்களுள் 4 மட்டுமே தீண்டப்படாமல் எஞ்சின. அப்போது சிறுவராக இருந்த டாசிட்டஸ், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இதனை எழுதினார். தீ தற்செயலா, மன்னனின் சூழ்ச்சியா என்பதில் முன்னையோர் கருத்து இரண்டுபட்டது என்கிறார். ஆன்டியத்திலிருந்து திரும்பிய நீரோ, வீடிழந்தோர்க்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான்; தானிய விலையைக் குறைத்தான். இவற்றை ஐயமின்றித் தம் கூற்றாகவே எழுதுபவர், டிராய் நகர அழிவை மன்னன் பாடினான் என்பதை மட்டும் ஊரில் பரவிய பேச்சு எனப் பிரித்துக் காட்டுகிறார். பிறர்கூற்றை, எண்ணும் இடமும் காட்டாத வினைவடிவால் உரைப்பது இலத்தீன் மரபு. அவ்வடிவத்தையே அவர் இங்கு ஆள்கிறார். 'பாடினானாம்' என்பதில் நம் 'ஆம்' செய்யும் வேலையும் இதுவே.

தீக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த சுவெட்டோனியஸ் கையில் அந்த 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. நீரோ நகருக்குத் தீயிட்டான், மெசீனஸ் கோபுரத்திலிருந்து அதனைக் கண்டு பாடினான் என வினைமுற்றாலேயே முடிக்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காசியஸ் டியோவும் நீரோவையே குற்றவாளியாக்குகிறார். பாடிய இடம் மட்டும் அரண்மனைக் கூரையாக மாறிவிட்டது.

நீரோவை நல்லவனாக்குவது நம் நோக்கமன்று. தாயைக் கொல்வித்தவன் அவன் என்று டாசிட்டஸே எழுதுகிறார். அவனை வெறுத்த அவருக்கு அவ்வதந்தியை எழுதாமல் விடவும் மனமில்லை. ஆயினும் அறிந்ததையும் கேட்டதையும் ஒரே வினைவடிவில் கலந்துவிடவில்லை.

நேர்கூற்று, அயற்கூற்று மாற்றத்தை நாம் வகுப்பில் தேர்வு மதிப்பெண்ணுக்காகக் கற்பிக்கின்றோம். பிறர்மீது சுமத்தப்படும் பழியை எவ்வளவு தெரியுமோ அவ்வளவே சொல்வதற்கும் அவ்விலக்கணம் வேண்டும். கேட்டதைக் கண்டதாக எழுதும் மாணவனிடம், "இது யார் கூற்று?" என்று ஆசிரியர் வினவ வேண்டும். அவ்வொரு வினாவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.